கையெழுத்திடாத சாட்சி

சார், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கையில் இருக்கிற அந்த இரண்டு பக்கத்தை நான் ஒன்பது வருஷமாக நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. இன்றைக்கு நீங்கள் அதை டைப் அடித்து, கீழே நான் கையெழுத்துப் போட ஒரு கோடும் போட்டுக் கொண்டுவந்து நீட்டுகிறீர்கள். இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். ஃபோனில் பதிவு செய்கிறீர்களா? செய்யுங்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு நீங்களே அழித்துவிடுவீர்கள்.

நூற்றாண்டு மலர். சபைக்கு நூறு வயது. அதில் ‘பயத்தை ஜெயித்தவர்கள்’ என்று ஒரு பகுதி. என் மனைவி பியூலா அதில் பதினோராவது ஆள். படம் கேட்டீர்கள், கொடுத்தேன். கல்யாணமான புதிதில் எடுத்தது. படத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. அந்த வயதில் அவள் அப்படித்தான் இருந்தாள். எழுத்தைப் பற்றித்தான் பேச்சு.

படிக்க வேண்டாம், எனக்கு மனப்பாடம். மரணப்படுக்கையிலும் பியூலா அம்மாளின் முகம் பிரகாசமாக இருந்தது. புத்தாண்டில் கர்த்தர் தந்த வாக்குத்தத்த அட்டையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். ‘எனக்குப் பயமே இல்லை அக்கா, அவரையும் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்’ என்றார். அந்த வேளையில் அறை முழுவதும் மல்லிகைப்பூ வாசனை நிரம்பியது. அருகில் இருந்து கண்ட எப்சிபா அம்மாள் கூறியது. இவ்வளவுதானே?

மல்லிகைப்பூ வாசனை, சார்!

நான் இந்த ஊர் நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். இருபத்தெட்டு வருஷம். காலை ஆறு மணிக்கு மீன் மார்க்கெட்டில் நிற்பேன். கூடையைத் திறக்க வேண்டாம், பக்கத்தில் போனால் போதும், எத்தனை நாள் மீன் என்று சொல்லிவிடுவேன். சாக்கடை, அறுப்புக்கூடம், குப்பைக்கிடங்கு என்று எல்லாவற்றையும் பார்த்த மூக்கு இது. இந்த மூக்கை வைத்துக்கொண்டு அந்த வரியைப் படிக்கச் சொல்கிறீர்கள்.

எப்சிபா அக்காவை உங்களுக்குத் தெரியும். எங்கள் சபையின் பைபிள் உமன். வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுவது, நோயாளிகளைப் பார்ப்பது, சாவு வீட்டில் பெண்களோடு உட்காருவது அவர் வேலை. இப்போது எழுபத்தைந்து இருக்கும். எனக்கு அவரைக் கண்டால் பிடிக்காது. பிடிக்காது என்பதுகூடச் சரியில்லை, அருவருப்பு. எந்நேரமும் மூக்குப்பொடி. சேலைத் தலைப்பெல்லாம் பழுப்புக் கறை. அந்தக் கையோடு தலையில் கை வைத்து ஜெபம் பண்ண வருவார். சாவு வீட்டில் உடல் எடுத்த கையோடு, ‘இட்லி இன்னும் வரலையா?’ என்று கேட்கிற முதல் ஆள் அவர்தான்.

முதல் வருஷம் சபை கன்வென்ஷனில் சாட்சி சொல்ல மைக்கைக் கொடுத்தார்கள். அப்போது அட்டை பியூலாவின் கையில் இருந்தது. கையில் பிடித்திருந்தாள் என்றுதான் சொன்னார். மூன்றாவது வருஷம் கையிலிருந்து நெஞ்சுக்குப் போயிற்று. ஐந்தாவது வருஷம் மல்லிகைப்பூ வந்தது. பின்னால் கீபோர்டு வாசிக்கிற பையன் சரியாக அந்த இடத்தில் மெதுவாக ஒரு இழுப்பு இழுப்பான். பெண்கள் பக்கம் மூக்கைச் சிந்துகிற சத்தம். ஆண்கள் பக்கம் ‘அல்லேலூயா’. கூட்டம் முடிந்து வெளியே வந்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘குடுத்து வச்சவரு சார் நீங்க’ என்பார்கள். பிரியாணிப் பொட்டலம் கையில் இருக்கும். எண்ணெய்க் கையோடு பிடிப்பார்கள்.

நான் என்ன செய்தேன்? தலையை ஆட்டினேன். ஒன்பது வருஷமும் ஆட்டினேன். யாராவது புதிதாக வந்த ஆளிடம், ‘இவருதான் அந்த பியூலா அம்மாவோட வீட்டுக்காரரு’ என்று சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்தும் நின்றிருக்கிறேன். அதை நினைத்தால் என்மேலேயே எனக்குக் குமட்டுகிறது. அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

யார் கேட்டார்கள் அந்த அம்மாளை? ஒரு பெண் செத்துப்போனாள், அவளை விட்டுவிட வேண்டியதுதானே? எதற்கு அவளை இழுத்துக்கொண்டு வந்து மைக் முன்னால் நிறுத்த வேண்டும்? யார் கேட்டார்கள்?

எனக்கு ஏன் சந்தேகம் என்று கேட்கிறீர்கள். நெஞ்சு, சார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள் என்கிறதே, அந்த இடம். அவளுக்கு நோயே அங்கேதான். கடைசி நான்கு மாதம் இடது மார்பில் கட்டி உடைந்து புண்ணாகிவிட்டது. துணி பட்டால் துடித்துப்போவாள். மின்விசிறிக் காற்றுப் பட்டாலே முகம் சுருங்கும். அந்த இடத்தில் அட்டையை அணைத்துக்கொண்டாளாம். அதை எழுதினவருக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பொய் சொன்னார், ஒருவன் தலையை ஆட்டினான்.

நீங்கள் பக்கத்தில் இல்லையா என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? இல்லை. அப்போது ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். எப்சிபா அக்காதான் கூட இருந்தார்.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

உங்கள் சபையில் எப்படியோ, எங்கள் சபையில் புத்தாண்டு காலை ஆராதனையில் குடும்பம் குடும்பமாகக் கூப்பிடுவார்கள். பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட வேண்டும். போதகர் ஐயர் ஜெபம் பண்ணுவார். உபதேசியார் ஒரு எவர்சில்வர் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு வருவார். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். அதுதான் அந்த வருஷம் முழுவதும் நமக்குக் கர்த்தர் கொடுத்த வாக்கு. நான் படித்தவன், பி.எஸ்ஸி. விலாசம் இல்லாத அச்சகத்தில் ஆயிரம் அட்டை அடித்து வாங்குவது எனக்குத் தெரியும். ஆனாலும் தட்டு பக்கத்தில் வரும்போது உள்ளங்கை வேர்க்கும். உங்களுக்கும் வேர்த்திருக்கும். இல்லை என்று சொல்லாதீர்கள்.

அந்த வருஷம் டிசம்பரில்தான் டாக்டர் கட்டியைப் பார்த்தார். சோதனை எல்லாம் எடுத்துவிட்டு, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். பியூலா, புத்தாண்டு முடியட்டும் என்றாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு பேர்தான் போய் முழங்கால் போட்டோம். தட்டு வந்தபோது அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு ஜெபத்தில் இருந்தாள். உபதேசியார் ‘ம்ம், எடுங்க’ என்று தட்டை ஆட்டினார். பின்னால் வரிசை நிற்கிறது. நானே இரண்டு எடுத்தேன். முதலில் எடுப்பது எனக்கு, இரண்டாவது அவளுக்கு. மனசில் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் எடுத்தேன்.

புரட்டிப் பார்த்தேன். எனக்கு வந்தது, நீ சாகாமல் பிழைத்திருந்து கர்த்தர் செய்ததை எல்லாருக்கும் சொல்லுவாய் என்கிற வசனம். அவளுக்கு வந்தது, தண்ணீரைக் கடக்கும்போது நான் உன் கூட இருப்பேன் என்கிற மாதிரி ஒன்று. கூட இருப்பேன் என்று இருக்கிறது, சரி. ஆனால் தண்ணீரைக் கடப்பது என்றால் என்ன? சாவைத்தானே அப்படிச் சொல்வார்கள்? டிசம்பரில் டாக்டர் அப்படிச் சொல்லியிருக்கிறார், ஜனவரி ஒன்றாம் தேதி தண்ணீரைக் கடக்கிற அட்டை வருகிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

மாற்றிவிட்டேன். என்னுடையதை அவள் மடியில் வைத்தேன். அவளுடையதை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் கையை எடுத்து அட்டையைப் படித்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அதன் பிறகு நடந்ததுதான் இருக்கிறது. ஆபரேஷன் பேச்சை எடுத்தால் பைபிளைத் திறந்து அட்டையைக் காட்டுவாள். ‘வாக்குத்தத்தம் கெடச்சிட்டுல்லா? பின்ன கத்தி எதுக்கு?’ என்பாள். லெந்து காலத்து நாற்பது நாள் உபவாசம் முடியட்டும் என்றாள். ஈஸ்டர் முடிந்தது. தங்கை மகள் கல்யாணம் முடியட்டும் என்றாள். கல்யாணமும் முடிந்தது. ஆகஸ்டில் நான் வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டர் என் முகத்தைத்தான் பார்த்தார். ‘படிச்சவர் நீங்க, இவ்வளவு நாள் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?’ என்றார். நான் என்ன சொல்வது? அட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டேன் டாக்டர் என்றா?

எட்டு மாதமும் ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அது உன்னுடையது இல்லை பியூலா, என்னுடையது, கிளம்பு ஆஸ்பத்திரிக்கு, என்று. சொன்னால் என்ன ஆகும்? அவள் கையிலிருந்து உயிரைப் பிடுங்குகிற மாதிரி ஆகிவிடும். அதற்கும் பயம். சொல்லாவிட்டால் கட்டி வளருகிறது. அதற்கும் பயம். இதற்கு நடுவில் குடும்ப ஜெபம் வேறு. தினமும் இரண்டு பேரும் உட்கார்ந்து, வாக்குத்தத்தத்துக்காக ஸ்தோத்திரம் என்று அவள் சொல்ல, நான் ஆமென் சொல்லுவேன். கர்த்தர் இருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது அந்த நாட்களில் இல்லை, சார். அப்போது அவர் இருக்கிறார் என்று நன்றாகத் தெரிந்தது. எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரியே இருந்தது.

அடுத்த பிப்ரவரியில் போய்விட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. நான் டீ குடித்துவிட்டு மேலே வருவதற்குள் முடிந்துவிட்டது.

என்ன? மருந்து என்று சொன்னேனா? மருந்தும் வாங்கினேன். இரண்டும்தான்.

அன்றிலிருந்து நான் திருவிருந்து எடுப்பதில்லை. ஞாயிறு தவறாமல் போவேன். கடைசி வரிசைக்கு முந்தின வரிசை. பைபிள் கையிடுக்கில் இருக்கும். ஜிப் வைத்த உறை போட்ட பைபிள், பியூலா வாங்கிக் கொடுத்தது. திறப்பதில்லை. இப்போதுதான் வசனத்தையெல்லாம் திரையில் போட்டுவிடுகிறார்களே. இந்த ஊர் உப்புக்காற்றில் ஜிப் துருப்பிடித்து இறுகிவிட்டது. அப்பமும் திராட்சரசமும் வாங்க எல்லாரும் வரிசையில் எழுந்து போகும்போது, நான் செருப்பைச் சரிபார்க்கிற மாதிரிக் குனிந்துகொள்வேன். இத்தனை வருஷத்தில் ஒரு ஐயரும் கேட்டதில்லை. மூன்று ஐயர்மார் மாறிவிட்டார்கள். சபைத் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று கேட்க மட்டும் வீடு தேடி வருவார்கள். எப்சிபா அக்கா மட்டும் ஒரு தடவை, வாசலில் வைத்து, ‘தம்பி, நீ இன்னும் பந்திக்கு வரலையேய்யா’ என்றார். பந்தி! கல்யாணப் பந்தி மாதிரி. பொடி வாடை வேறு. நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

ஏன் எடுப்பதில்லை என்றால், தெரியாமல் எப்படி எடுப்பது? அவள் பயமில்லாமல் போனாள் என்பது உண்மையானால், என் தப்பைக்கூடக் கர்த்தர் எடுத்து அவளுக்கு நன்மையாக ஆக்கினார் என்று அர்த்தம். பொய்யானால், நான் கொடுத்த பொய் அட்டையை நம்பி ஏமாந்து, அலறிக்கொண்டு போயிருக்கிறாள் என்று அர்த்தம். இதில் எது என்று தெரிந்தால் ஏதாவது ஒரு பக்கம் நின்றுவிடுவேன். விசுவாசத்தில் நிற்பேன், அல்லது வெளியே போவேன். இது இரண்டுக்கும் நடுவில் ஒன்பது வருஷம் செருப்பைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க முடியுமா?

போன வாரம் நீங்கள் ஃபோன் செய்து கையெழுத்து வேண்டும் என்றீர்களா, அதுதான் காரணம். மைக்கில் சொல்வது காற்றில் போய்விடும். அச்சில் ஏறினால் நிற்கும். கீழே என் கையெழுத்தும் நிற்கும். நேற்று சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டேன். கையில் பைபிளையும் எடுத்துக்கொண்டேன். சத்தியம் வாங்கிவிடலாம் என்று. அக்கா, இதன்மேல் கை வைத்துச் சொல்லுங்கள் என்று கேட்கலாமென்று. கேள்விகளை ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன், ஆய்வுக்குப் போகிற மாதிரி. அட்டை எங்கே இருந்தது? என்ன வார்த்தை சொன்னாள்? யார் யார் இருந்தார்கள்?

சர்ச் காம்பவுண்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு. அக்கா வாசலில் முறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், ‘வாங்க ஆபீசரே. அபராதம் போட வந்தியளா? நேத்துப் பிடிச்ச மீனுதான், பயப்படாதிய’ என்றார்.

‘மீனைப் பாக்க வரலை அக்கா.’

‘பின்ன, ஜெபத்துக்கா? அதுக்கு வாற ஆளு இல்லையே நீ.’

மலர் விஷயம் சொன்னேன். கையெழுத்து விஷயம் சொன்னேன். பைபிளை நீட்டினேன். அவர் தன் கையைப் பார்த்தார். மீன் கை.

‘கழுவிட்டு வாறேன். கொளத்துல போட்ட கல்லு மாதிரி ஒம்பது வருசம் கெடந்துட்டு இன்னைக்கு வந்திருக்க. ரெண்டு நிமிசம் இரி.’

கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் முதல் கேள்வியைக் கேட்டேன். அட்டை நெஞ்சில் இருந்ததா?

‘நெஞ்சுல எங்க வைக்க? அங்க வைக்க எடம் இருந்துதா?’ என்றார், சாதாரணமாக.

‘அப்ப எதுக்குச் சொன்னீங்க?’

‘முதல்ல கையிலன்னுதான் சொன்னேன். கையிலயும் இல்ல. கையில ஒண்ணும் இல்லாம செத்தான்னு மைக்குல சொன்னா, கீபோர்டுக்காரப் பையன் எப்ப வாசிக்கது?’ சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்று கத்தினேன். ‘ஒரு சாவ வச்சி வித்தை காட்டியிருக்கீங்க. ஊர் பூரா அழ வச்சிருக்கீங்க. உங்கள யாரு சொல்லச் சொன்னா? யாரு கேட்டா?’

‘நீதான்யா கேட்ட.’

‘நானா?’

‘நீதான். படி ஏறி வந்த. அவள வெள்ளத்துணி போட்டு மூடியாச்சு. வாசல்லயே நின்னுக்கிட்டு, உள்ள வராம, எங்கிட்ட கேட்ட. எதாவது சொன்னாளா அக்கா, பயந்தாளா அக்கான்னு. உன் மூஞ்சிய அன்னைக்கு நீ பாக்கல. நான் பாத்தேன். என்ன சொல்லச் சொல்லுத? பயப்படலைன்னேன். உன்னையும் பயப்பட வேண்டாம்னு சொன்னான்னேன். அதைத்தான் பெறவு மைக்குலயும் சொன்னேன். உனக்குச் சொன்னத மாத்த முடியுமா?’

சார், நான் கேட்டேனா? எனக்கு ஞாபகமே இல்லை. நேற்று ராத்திரி முழுவதும் யோசித்தேன். வாசலில் நின்றது ஞாபகம் இருக்கிறது. கேட்டது ஞாபகம் இல்லை. கேட்டிருப்பேன்.

‘அப்ப பயந்தாளா?’ என்றேன்.

‘பயந்தா. யாரு பயப்படல? என் கையப் பிடிச்சுக்கிட்டா, எலும்பு நொறுங்குத பிடி. ஜெபம் பண்ணுங்க அக்கான்னா. பண்ணினேன். போதாது இன்னும் பண்ணுங்கன்னா. இன்னும் பண்ணினேன். அவளும் பண்ணினா. பயந்துக்கிட்டே பண்ணினா. பயம் போகவும் இல்ல, ஜெபத்த விடவும் இல்ல. ரெண்டுமா சேந்துதான் போனா. அதை அப்படியே சொன்னா நம்ம சபையில ஒருத்தன் அல்லேலூயா சொல்லுவானா?’

அக்கா என் கையில் இருந்த பைபிளைத் தொட்டார். ‘அட்டை அட்டைங்கியே. அது இதுக்குள்ளதான இருக்கு. நீ பாக்கலையா?’

‘எதுக்குள்ள?’

‘உன் பைபிளுக்குள்ள. கடைசி வாரத்துல நீ எங்கயோ வெளிய போயிருந்த. அவதான் எடுத்து வைக்கச் சொன்னா. இது அவங்களுக்கு வந்தது அக்கா, எனக்குன்னு மாத்தி வச்சாங்க, அவங்ககிட்டயே இருக்கட்டும்னா. விரல் சந்து வழியா பாத்துட்டாளாம். கள்ளி. பீடத்துக்கு முன்னால ஜெபம் பண்ணுத லெச்சணம்.’

தரையில் உட்கார்ந்துவிட்டேன், நெத்திலி முறத்துக்குப் பக்கத்தில். தெரிந்துகொண்டே ஏன் ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்றாள் என்று கேட்டேன்.

‘கத்திக்குப் பயம். வேற என்ன? அட்டையக் காட்டினா நீ வாய மூடிக்கிடுவன்னு அவளுக்குத் தெரியும். நீ ஏன் வாய மூடுதன்னும் தெரியும். தப்புத்தான். போற நேரத்துல அதுக்கும் சேத்து அழுதா.’

ஜிப்பை இழுத்தேன். வரவில்லை. அக்கா உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து விரலால் தொட்டுத் தடவினார். இழுத்தார். துரு உதிர்ந்து என் வேட்டியில் விழுந்தது. திறந்தது. அட்டை நடுவில் இருந்தது, சார். ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது. நான் பிழைத்திருந்து எல்லாருக்கும் சொல்லுவேன் என்கிற அட்டை. பிழைத்துத்தான் இருக்கிறேன். எல்லாருக்கும் சொன்னது எப்சிபா அக்கா.

என்னிடம் எழுதின தாள் இருந்தது, இன்னும் ஒரு கேள்வி பாக்கி. மல்லிகைப்பூ. எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த ஒன்றில்தான் மிச்சம் இருந்தது. அதையாவது விடக்கூடாது என்று கேட்டேன். ‘மத்ததெல்லாம் சரி அக்கா. அந்தப் பூ வாசனை? அதுவும் எனக்காகவா சொன்னீங்க?’

அக்கா மடியிலிருந்து பொடி மட்டையை எடுத்தார். ஒரு சிட்டிகை எடுத்துவிட்டு, இழுக்காமல் விரலிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

‘அது அவளுக்காக. அவ எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அக்கா, என்மேல வாடை அடிச்சுதுன்னு பெறவு யாரும் பேசிறக் கூடாதுன்னா. சத்தியம் பண்ணச் சொன்னா. பண்ணினேன். நாலு வருசம் கழிச்சு இந்தச் சபைப் பொம்பளைய குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சாளுவ, ரூமுக்குள்ள ஒருத்தரும் போகமுடியாதாம்லா, அப்படியாம்லான்னு. அந்த வருசந்தான் மைக்குல மல்லியப்பூன்னேன். அதுக்கப்புறம் ஒருத்தி வாயத் தொறக்கல. பொய்தான். தீர்ப்பு நாளுல கேட்டா, ஆமா ஆண்டவரே பொய்தான்னு சொல்லுவேன்.’

நான், ‘உங்களுக்கு அந்த ரூமுல இருக்க முடிஞ்சுது அக்கா, உங்களுக்குப் பொடி போட்டுப் போட்டு மூக்கு செத்துப்போச்சு’ என்றேன். அப்படித்தான் ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புண்ணை ஒரு நாளைக்கு இரண்டு தடவை அவரால் துடைக்க முடிந்ததே, அதற்கு அதுதான் காரணம் என்று.

‘எனக்கு மட்டும் மூக்கு இல்லாமப் போச்சா?’ என்றார். ‘கொமட்டிக்கிட்டு வரும். தொடச்சிக்கிட்டு இருக்கும்போதே, இந்தா வாறேன்னுட்டு பாத்ரூமுக்குப் போயி வாந்தி எடுப்பேன். வாயக் கொப்பளிச்சிட்டு வந்து மிச்சத்தத் தொடப்பேன். அந்த வார்டுல கூட்டுத ஆயா ஒருத்திதான் இதக் குடுத்தா, இழு அக்கா, ஒண்ணும் தெரியாதுன்னு. இந்தச் சனியன் அங்கதான் ஒட்டிக்கிட்டுது. இன்னும் விடல.’

சார், நான் அன்றைக்கு மருந்து வாங்கப் போகவில்லை. டீயும் குடிக்கவில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து பைக் ஸ்டாண்டில் என் வண்டிமேலே உட்கார்ந்திருந்தேன். தைலம் தடவின கைக்குட்டை சட்டைப்பையில் இருந்தது. உள்ளே போகும்போது அதை மூக்குக்குப் பிடித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று பிடிக்க மாட்டேன். பிடிக்காமல் ஐந்து நிமிஷம் இருக்க முடியாது. அதனால் ஏதாவது சொல்லிவிட்டு வெளியே வருவேன். மருந்துச் சீட்டு, டீ, ஃபோன், டாக்டரைப் பார்க்க வேண்டும். நாலு மாதம். அழுகின மீனுக்கு நடுவில் நின்று இட்லி சாப்பிட்டிருக்கிறேன், சார், என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை. சட்டைப்பையில் கைக்குட்டைக்குப் பின்னால் அந்த இன்னொரு அட்டையும் இருந்தது. கூட இருப்பேன் என்கிற அட்டை.

இல்லை, நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கோடு அப்படியே இருக்கட்டும். பேனாவை உள்ளே வையுங்கள். அக்கா என்ன பதில் சொன்னார் என்று உங்கள் மலரில் போட வேண்டாம். நான் கேட்டதை மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள். பியூலா நான் அட்டை மாற்றினதைப் பார்த்துவிட்டவள், தன்மேல் அடித்த வாடையும் தெரிந்திருந்தவள். கர்த்தரைப் பற்றி, விசுவாசத்தைப் பற்றி எவ்வளவோ கேட்க எழுதிக்கொண்டு போனவன் நான். கடைசியில் வாயில் வந்தது இதுதான்.

‘அக்கா, நான் எதுக்கு வெளிய வெளிய போனேன்னு அவளுக்குத் தெரியுமா?’